வரவேற்பறையில் திரையரங்கு: ரிசீவர் வாங்கும் முன் ஒரு மடக்கைக் கணக்கு

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத்துத் தாமான் வீடுகளில் 55 அங்குலத் தொலைக்காட்சி இன்று ஓர் அதிசயமே இல்லை. திரை பெரிதானது, ஆனால் தொலைக்காட்சியின் உடல் மெலிந்து போனதால் அதன் ஒலியும் மெலிந்து விட்டது. அதனால்தான் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆன இளைஞர்கள் பலருக்கும் அடுத்த ஆசை, வீட்டுத் திரையரங்கு. சிறிய சவுண்ட்பாரில் மனம் நிறையாதவர்கள் ஏ.வி. ரிசீவர் பக்கம் போகிறார்கள். போனதும் கேள்வி எழுகிறது: டெனானா, மராண்ட்ஸா, யமாஹாவா, ஆன்கியோவா?

இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. உயர்தர ரிசீவரும் அதற்கு ஈடான ஒலிபெருக்கிகளும் சேர்ந்தால் பத்தாயிரம் வெள்ளியைச் சுலபமாகத் தொடும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் ஒருவருக்கு அது ஏறக்குறைய ஆறு மாத உழைப்பு. கையில் பணம் இல்லாதவர் தவணையில் எடுப்பார். மாதம் 1 விழுக்காடு நிலையான வட்டி, 36 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 13,600 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 378 வெள்ளி. ஊழியர் சேம நிதிக்கு 11 விழுக்காடு போனபின் அந்த 1,700இல் மீதி 1,513 வெள்ளிதான். கைக்கு வரும் பணத்தில் நான்கில் ஒரு பங்கு, மூன்றாண்டுகளுக்கு, ஒரு கறுப்புப் பெட்டிக்குப் போகும். அப்படிப் போவதானால் எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ரிசீவர் செய்யும் வேலை மூன்று. பல கருவிகளிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் எச்டிஎம்ஐ கம்பி வழியே வாங்கி, படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பும். டால்பி, டிடிஎஸ் என்று சுருக்கி அடைக்கப்பட்ட ஒலியைப் பிரித்து, எந்த ஒலி எந்த மூலைக்கு என்று பங்கிடும். பிறகு அதைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்குக் கொடுக்கும். இந்த மூன்றாவது வேலையைத்தான் கடைக்காரர் முதலில் பேசுவார், ஏனென்றால் அதற்கு ஓர் எண் உண்டு: வாட்.

எடுத்துக்காட்டாக, டெனான் எக்ஸ்3800எச் ஒரு சேனலுக்கு 105 வாட். மராண்ட்ஸ் சினிமா 50, 110 வாட். டெனான் எக்ஸ்4800எச், 125 வாட். யமாஹா ஆர்எக்ஸ்-ஏ6ஏ, 150 வாட். நான்குமே ஒன்பது சேனல் பெருக்கிகள். எண்ணை மட்டும் பார்த்தால் 150 வாட் பெட்டி 105 வாட் பெட்டியைவிட ஒன்றரை மடங்கு சத்தம் தரும் என்றுதான் தோன்றும்.

நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுத்தவர்கள் மடக்கையைப் படித்திருப்பார்கள். ‘இது வாழ்க்கையில் எங்கே பயன்படப் போகிறது’ என்று முணுமுணுத்தவர்களுக்கு இதோ ஓர் இடம். நம் காது ஒலியைக் கூட்டல் கணக்கில் அளப்பதில்லை; ஏறக்குறைய மடக்கைக் கணக்கில் அளக்கிறது. அதனால்தான் ஒலியின் அளவை டெசிபலில் சொல்கிறோம். இரண்டு வாட் அளவுகளின் விகிதத்துக்கு 10 அடிமான மடக்கை எடுத்து, அதைப் பத்தால் பெருக்கினால் டெசிபல் வேறுபாடு கிடைக்கும். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும்.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். 105இலிருந்து 110 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 0.2 டெசிபல். 125 வாட்டுக்குப் போனால் 0.76. 150 வாட்டுக்கே போனாலும் 1.55 டெசிபல்தான். வழக்கமான படத்தில் 1 டெசிபல் மாற்றத்தைக் கண்டுபிடிக்கவே கூர்ந்து கேட்க வேண்டும். வாட் எண்ணுக்காக ஆயிரக்கணக்கான வெள்ளி கூடுதலாகக் கொடுப்பவர், ரிமோட்டில் ஒலியை இரண்டு மூன்று முறை கூட்டினால் கிடைப்பதை விலை கொடுத்து வாங்குகிறார்.

நமக்கு உண்மையில் எத்தனை வாட் தேவை? சாதாரண ஒலிபெருக்கி ஒன்று 1 வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் என்று கொள்வோம். மூன்று மீட்டர் தள்ளி நாற்காலி போட்டால், அறையின் எதிரொலியையும் சேர்த்து, ஏறக்குறைய 8 டெசிபல் குறையும். நாற்காலியில் 75 டெசிபல் சராசரி என்பதே நன்றாக உரக்கக் கேட்பது. அதற்குத் தேவை ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்கு! வெடிச்சத்தம் வரும் நொடியில் ஒலி 20 டெசிபல் எகிறினாலும் 30 வாட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதற்குள் பக்கத்து வீட்டுச் சுவரில் தட்டும் சத்தம் கேட்டுவிடும்.

இன்னொன்றும் உண்டு. அந்த 105, 125 எல்லாம் பொதுவாக இரண்டு சேனல்களை மட்டும் இயக்கி அளந்தவை. ஒன்பதும் ஒரே நேரத்தில் முழங்கினால் அந்த அளவு கிடைக்காது. சில மலிவுப் பெட்டிகளின் அட்டையில் ‘1,000 வாட்’ என்று எழுதியிருப்பது இதைவிட மோசம். எந்த நிலையில் அளந்தது என்ற குறிப்பே இருக்காது. இப்படிப்பட்ட விளம்பரங்களைக் கட்டுப்படுத்த அமெரிக்கா 1974லேயே ஒரு விதியைக் கொண்டு வந்து, 2024இல் அதைத் திருத்தியது. ஆகவே கடையில் ‘எத்தனை வாட்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எத்தனை ஓம், எத்தனை சேனல் இயக்கி, எத்தனை விழுக்காடு சிதைவில் அளந்தது’ என்று கேளுங்கள்.

வாட் முடிவு செய்யாது என்றால் எது முடிவு செய்யும்? முதலில் வீடு.

நம் தாமான் வரிசை வீடுகளில் வரவேற்பறை தனி அறை அல்ல. அது அப்படியே சாப்பாட்டுக் கூடத்தில் திறந்து, அங்கிருந்து சமையலறைக்குப் போகும். தரை ஓடு, ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு. ஒலி எங்கும் பட்டுத் தெறிக்கும். பின்பக்க ஒலிபெருக்கிகளை வைக்கச் சுவரே இல்லாத வீடுகள் பல. அங்கே ஒன்பது ஒலிபெருக்கிகளுக்கு இடம் தேடுவது வீண் வேலை; ஐந்தை ஒழுங்காக வைத்தாலே பெரிய காரியம். டால்பி அட்மாஸில் உயரத்திலிருந்து வரும் ஒலிக்காக, மேல்நோக்கி ஒலித்துக் கூரையில் பட்டுத் திரும்பும் ஒலிபெருக்கிகளை விற்கிறார்கள். அவற்றுக்குத் தட்டையான கூரை வேண்டும். இன்னமும் லயத்து வீட்டில் இருப்பவர்களுக்குச் சரிந்த தகரக் கூரை. ஒலி எங்கோ தெறித்துப் போகும். மழை வந்தால் தகரம் போடும் சத்தத்துக்கு எந்த ரிசீவரும் ஈடு கொடுக்காது, அது வேறு கதை.

அறையின் குறைகளை ஓரளவு சரிசெய்வது ரிசீவருக்குள் இருக்கும் அளவீட்டு மென்பொருள். உயர்தர ரிசீவருக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு நியாயமாகப் படுவது இதுதான். டெனான், மராண்ட்ஸ் இரண்டிலும் ஆடிஸி வருகிறது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2002இல் பிறந்த நிறுவனம் அது. சுவீடனின் உப்சாலாவில் தொடங்கிய டிராக் நிறுவனத்தின் மென்பொருள் ஆன்கியோ டிஎக்ஸ்-ஆர்இசட்50இல் பெட்டியோடு சேர்ந்தே வரும்; மேலே சொன்ன டெனான், மராண்ட்ஸ் வகைகளில் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். யமாஹாவுக்குச் சொந்தமாக ஒய்பாவோ. எதை வாங்கினாலும், கூட வரும் ஒலிவாங்கியைச் சோபாவின் முதுகில் சாய்த்து வைக்காதீர்கள். காது உயரத்தில் முக்காலியில் நிறுத்துங்கள். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் அணைத்து, மழை இல்லாத நேரத்தில், தெருவில் மோட்டார் சைக்கிள் ஓடாத நேரத்தில் அளங்கள். இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாமல் விட்டால் கூடுதலாகக் கொடுத்த பணம் பெட்டிக்குள்ளேயே தூங்கும்.

அடுத்து, என்ன பார்க்கப் போகிறீர்கள்? இந்தியாவில் டால்பி அட்மாஸ் ஒலியோடு வந்த முதல் படமே 2012இன் ‘சிவாஜி’ முப்பரிமாணப் பதிப்புதான் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. மறு ஆண்டு வந்த ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டி என்ற வேறு முறையில் ஒலித்தது. டெனானும் மராண்ட்ஸும் ‘எங்களிடம் ஆரோ உண்டு’ என்பார்கள். உண்மைதான், ஆனால் ஓடிடி வழியே வீட்டுக்கு வரும் படங்களில் ஆரோ கிடையாது. நெட்ஃபிலிக்ஸில் அட்மாஸ் ஒலி அதிகபட்சம் நொடிக்கு 768 கிலோபிட் அளவில் சுருக்கப்பட்டே வருகிறது. புளூரே வட்டில் இருக்கும் முழு ஒலி அதைவிடப் பல மடங்கு. வட்டு வாங்கும் பழக்கம் இல்லாத வீட்டில் ரிசீவரின் உச்சத் திறமைக்கு வேலையே இருக்காது.

அப்பாவும் அம்மாவும் வானவில்லில் பார்க்கும் பழைய படங்கள் பெரும்பாலும் ஒற்றைத்தட ஒலி. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய காலத்தில் ஒரே ஒலிபெருக்கியில் கேட்ட படங்கள் அவை; ஒன்பதில் கேட்டாலும் அதே ஒலிதான். புதிய படங்களிலும் வசனம் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கியில்தான் வருகிறது. ‘சத்தம் இருக்கு, பேச்சுதான் புரியலை’ என்று அம்மா குறைப்பட்டால், ரிசீவரை மாற்றுவதைவிட நல்ல நடு ஒலிபெருக்கி வாங்குவதே மருந்து. என்னைக் கேட்டால், பத்தாயிரத்தில் ஆறாயிரத்தை ஒலிபெருக்கிகளுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் கிடைக்கும் ரிசீவரோடு நிறுத்திக்கொள்வேன். ரிசீவர் பத்தாண்டில் பழசாகும். நல்ல ஒலிபெருக்கி அதற்குப் பிறகும் பாடும்.

பழசாவது பற்றி ஒரு படிப்பினை உண்டு. 2020இல் வந்த டெனான், மராண்ட்ஸ், யமாஹா ரிசீவர்கள் புதிய எச்டிஎம்ஐ 2.1 வசதியோடு விற்கப்பட்டன. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸை இணைத்து, 4கே படத்தை நொடிக்கு 120 முறை அனுப்பியபோது திரை இருண்டது. உள்ளே இருந்த எச்டிஎம்ஐ சில்லில் கோளாறு. பின்னர் டெனான், மராண்ட்ஸ் தரப்பு இலவச இணைப்புக் கருவி கொடுத்தது. யமாஹா பலகையையே மாற்றித் தந்தது. முதல் நாளே பணம் கட்டியவர்கள்தான் காத்திருந்தார்கள். புத்தம் புதிய வசதிக்காக வாங்குபவர் ஆறு மாதம் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நிறுவனங்களும் நிலையானவை அல்ல. டெனானும் மராண்ட்ஸும் ஒரே குடும்பம். எக்ஸ்3800எச், சினிமா 50 இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. முகப்பின் அழகுக்கும் சிற்சில மின்சுற்று மாற்றங்களுக்கும்தான் விலை வேறுபாடு. அந்தக் குடும்பம் 2022இல் மாசிமோவிடமும், 2025இல் சாம்சங்கின் ஹார்மனிடமும் கைமாறியது. ஆன்கியோவின் பழைய நிறுவனம் 2022 மே மாதம் ஜப்பானில் திவாலானது. பெயரும் ரிசீவர் தொழிலும் வேறு கைகளில் தொடர்கின்றன. ஆகவே சின்னத்தைவிட, பழுது பார்ப்பவர் யார் என்பதே எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. 15, 20 கிலோ எடையுள்ள பெட்டியை மலாக்காவிலிருந்து கோலாலம்பூருக்குத் தூக்கிப் போக வேண்டுமா, இங்கேயே ஆள் உண்டா என்று வாங்கும் முன் கேளுங்கள்.

விலை குறைவு என்று ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரவழைப்பவர்கள் கவனிக்க வேண்டும். பேராக் மாநிலச் சிமோரில் யமாஹாவுக்கு ஆலை உண்டு; ஆன்கியோ ரிசீவர்கள் பலவும் நம் நாட்டில் உருவானவையே. பின்பக்கம் ‘மலேசியாவில் தயாரிக்கப்பட்டது’ என்று இருக்கும். ஆனால் ஜப்பானுக்குப் போனது 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவுக்குப் போனது 120 வோல்ட்டுக்கும் கட்டப்பட்டது. அதைக் கொண்டு வந்து நம் 230 வோல்ட்டில் செருகினால், பிறந்த மண்ணிலேயே புகைந்து போகும்.

வாங்கிய பிறகு அதற்கு எதிரி இரண்டு: வெப்பமும் மின்னலும். தொலைக்காட்சி அலமாரிக்குள் மூச்சு முட்ட அடைக்காதீர்கள். மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மாலையில் இடி உறுமத் தொடங்கினால் மின்செருகியை மட்டுமல்ல, இணையக் கம்பியையும் ஆஸ்ட்ரோ தட்டிலிருந்து வரும் கம்பியையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் எந்த வழியாகவும் வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வாங்குவதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படும் மாணவர்களும் இருப்பீர்கள். மலாக்காவுக்கு அது புதிதல்ல. 1973இல் இங்கே சீமன்ஸ் தொடங்கிய சில்லுத் தொழிற்சாலைதான் 1999 முதல் இன்ஃபினியன். மெர்லிமாவில் பாலிடெக்னிக் இருக்கிறது. டுரியான் துங்காலில் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூடெம் இருக்கிறது. மின்னணுப் படிப்பில் சேர்ந்தவர், பழுதான பழைய ரிசீவர் ஒன்றைச் சில பத்து வெள்ளிக்கு வாங்கிப் பழகலாம். பெரிய மின்தேக்கிகள் செருகியைக் கழற்றிய பின்பும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும்; மூடியைத் திறக்கும் முதல் நாளன்று விரிவுரையாளர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.