அச்சில் பிழை, அத்தனை பிரதியிலும் பிழை

கம்பைலரில் இருந்த ஓட்டையை அடைத்தால் வேலை முடிந்துவிடுவதில்லை. அதில் தயாரான ஒவ்வொரு பேக்கேஜையும் மறுபடி தயாரிக்க வேண்டும். அந்தச் சுமையை யார் தலையில் வைப்பது?

ஹைதராபாதின் வடகிழக்கே மௌலா அலி. குன்றின் உச்சியில் தர்கா. கீழே ரயில் பாதைகள், தொழிற்பேட்டை, காலனி வீடுகள். சற்றுத் தள்ளி ஈ.சி.ஐ.எல். அணுசக்தித் துறையின் கீழ் 1967ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம்தான் டி.டி.சி. வரிசைக் கம்ப்யூட்டர்களைத் தயாரித்தது. அந்த நாளில் பழுது என்றால் யாரைக் கேட்பது என்பதில் அதிகம் குழப்பம் இல்லை. பெட்டியைக் கொடுத்தவரைக் கேட்டால் போதும்.

இன்று அதே வட்டாரத்துச் சிறு நிறுவனம் ஒன்றின் சர்வரில்கூட நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் இருக்கும். எழுதியவர் ஒருவர், தொகுத்தவர் இன்னொருவர், நிறுவியவர் வேறொருவர். மூவருக்கும் தெரியாமல் நான்காவது ஆள் ஒன்று நடுவில் உண்டு. அதுதான் கம்பைலர். மனிதர் எழுதும் புரோகிராமை எந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தரும் சாஃப்ட்வேர்.

ஓலைச்சுவடிக் காலத்தில் ஏடு எழுதுபவர் தவறினால் மூல நூல் சரியாக இருந்தும் பிரதி பிழையாகும். கம்பைலர் விஷயமும் அப்படித்தான். புரோகிராமின் மூல வரிகளில் குற்றமே இருக்காது. ஆனால் பிழையுள்ள கம்பைலர் வழியே வந்த பேக்கேஜ் பலவீனமாக இருக்கும். கம்பைலரைத் திருத்திவிட்டதால் ஏற்கெனவே வெளியே போன பிரதிகள் தாமாகத் திருந்திவிடாது.

இது வெறும் கற்பனை அல்ல. உலகெங்கும் லினக்ஸ் பேக்கேஜ்களைத் தயாரிக்கப் பயன்படும் ஜி.சி.சி. கம்பைலரில் 2023 செப்டம்பரில் ஒரு குறை வெளிவந்தது. நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி யாராவது எழுதினால் புரோகிராமை உடனே நிறுத்திவிடும் காவல் ஏற்பாடு ஒன்று அதில் உண்டு. 64 பிட் ஏ.ஆர்.எம். சிப்களுக்காகத் தயாரான புரோகிராம்களில், ஓடும்போதுதான் அளவு தெரியும் வரிசைகளுக்கு அந்தக் காவல் வேலை செய்யவில்லை. பெரும்பாலான செல்போன்களில் இருப்பது இந்த வகைச் சிப்தான். ஆனால் ஆண்ட்ராய்ட் அப்போதே வேறு கம்பைலருக்கு மாறிவிட்டிருந்ததால் பெரும் விபத்து நேரவில்லை.

இதைப் பாதுகாப்பு ஓட்டை என்றே சொல்லக் கூடாது, கூடுதல் காவலில் ஏற்பட்ட குறைதான் என்ற வாதமும் எழுந்தது. பெயர் எதுவானாலும் பரிகாரம் ஒன்றுதான். திருத்திய கம்பைலரைக் கொண்டு எல்லாவற்றையும் மீண்டும் தயாரிப்பது.

2018லும் இதே கதை. அந்த ஜனவரியில் இன்டெல் முதலான சிப்களின் 'ஸ்பெக்டர்' பலவீனம் அம்பலமானது. அதே மாதக் கடைசியில் வந்த ஜி.சி.சி. 7.3 பதிப்பில் அதற்கான தடுப்பு முறை சேர்க்கப்பட்டது. ஆனால் புதிய கம்பைலரால் கெர்னலைத் தயாரித்தால்தான் அந்தத் தடுப்பு முழுதாகக் கைகொடுக்கும்.

கூகிள் 2009ல் வெளியிட்ட 'கோ' மொழி இந்தச் சிக்கலை இன்னும் பெரிதாக்கியது. டாக்கர், குபர்நெட்டிஸ் எல்லாம் இதில் எழுதியவைதான். பொதுவாக லினக்ஸில் பல புரோகிராம்கள் ஒரே நூலகக் கோப்பைப் பகிர்ந்துகொள்ளும். 2014ல் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வந்தபோது ஓபன் எஸ்.எஸ்.எல். நூலகத்தை மாற்றி, அதைப் பயன்படுத்தும் புரோகிராம்களை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் ஓட்டை அடைபட்டது. கோ மொழியின் வழி வேறு. தேவையான நூலகப் பகுதிகளை ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் வைத்தே தைத்துவிடும். எடுத்துச் செல்ல வசதி. திருத்துவதற்குத்தான் அவதி.

2023 அக்டோபர் 10ல் இது எல்லோருக்கும் புரிந்தது. கோரிக்கைகளை அனுப்பி அனுப்பி உடனே ரத்து செய்து சர்வரைத் திணறடிக்கும் புதுவகைத் தாக்குதல் பற்றிய விவரம் அன்று வெளியானது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் விநாடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள் வந்த தாக்குதலைச் சமாளித்ததாக கூகிள் தெரிவித்தது. கோ குழு அதே நாளில் 1.21.3, 1.20.10 என்ற திருத்திய பதிப்புகளை வெளியிட்டது. ஆனால் கோ மொழியில் எழுதிய வலை சர்வர் வைத்திருந்தவர்கள் புதிய கம்பைலரை இறக்கிக்கொண்டால் மட்டும் தப்பிவிட முடியாது. தங்கள் புரோகிராமையும் மறுபடி தயாரித்து, பழையதை எடுத்துவிட்டு நிறுவ வேண்டியிருந்தது.

இந்த வேலையைச் செய்பவர்கள் பேக்கேஜ் பராமரிப்பாளர்கள். டெபியன் போன்ற லினக்ஸ் திட்டங்களில் இவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். எந்தப் பேக்கேஜ் எந்தக் கம்பைலரில் தயாரானது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எது எதைச் சார்ந்தது என்று வரிசைப்படுத்த வேண்டும். மூல வரிகள் மாறாவிட்டாலும் பேக்கேஜின் எண்ணை மாற்ற வேண்டும்; இல்லையென்றால் பயனாளியின் கம்ப்யூட்டர் புதியதைக் கண்டுகொள்ளாது. டெபியனில் எண்ணுக்குப் பின்னால் ஒட்டும் '+பி1' என்ற வால் இதற்காகத்தான். 2023 ஜூனில் வந்த டெபியன் 12ல் இதை 9 வகைச் சிப்களுக்கும் செய்தாக வேண்டும்.

காலக் கணக்கும் ஒத்துவருவதில்லை. ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வெளியிடும் கோ குழு, கடைசி இரண்டுக்கு மட்டுமே திருத்தம் தரும். டெபியன் 12ல் இருந்தது கோ 1.19. இரண்டே மாதத்தில், 2023 ஆகஸ்டில் 1.21 வெளிவந்ததும் அதற்கான ஆதரவு முடிந்தது. டெபியன் 12க்கோ பல ஆண்டு ஆயுள். இடைப்பட்ட காலத்துத் திருத்தங்களைப் பழைய பதிப்புக்குப் பொருத்துவது பராமரிப்பாளர் பாடு. கோ, ரஸ்ட் பேக்கேஜ்களுக்குப் பாதுகாப்பு ஆதரவு வரம்புக்கு உட்பட்டதுதான் என்று டெபியன் தன் வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரித்துவிட்டது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. சென்னை சி-டாக் 2007ல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2023ல் பாதுகாப்பு அமைச்சகம் தன் கம்ப்யூட்டர்களுக்கு எடுத்துக்கொண்டதாகச் செய்தி வந்த 'மாயா', உபுண்டுவிலிருந்து வந்தது. உபுண்டுவின் மூலமும் டெபியன்தான். மேலே மடை அடைத்தால் கீழே வயல் காயும்.

அப்படியானால் கம்பைலரை எப்போதும் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் வழியா? மௌலா அலியில் ரயில் ஏறுபவர் சற்று யோசிக்க வேண்டும். இதே செகந்திராபாத் கோட்டத்தில் குல்லகுடா, சிட்கிட்டா நிலையங்களுக்கு இடையே 2022 மார்ச் 4ல் 'கவச்' சோதனை நடந்தது. எதிரே நின்ற எஞ்ஜினுக்கு 380 மீட்டர் தூரத்தில் ரயில் தானாகவே நின்றது. கவச் சாதனத்துக்குக் கோரப்படுவது மிக உயர்ந்த பாதுகாப்புத் தரமான எஸ்.ஐ.எல்.-4. ரயில்வே சாஃப்ட்வேருக்கான ஐரோப்பியத் தரநிலை, கம்பைலரை மிகக் கடுமையாகச் சோதிக்க வேண்டிய கருவிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட இத்தகைய சாதனங்களில் கம்பைலரை மாற்றினால் சோதனைகளை மீண்டும் நடத்த வேண்டும். இங்கே அவசரமும் ஆபத்து, தாமதமும் ஆபத்து.

கம்பைலரை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி பழையது. கம்பைலரிலேயே கள்ளக் கதவு வைத்தால் மூல வரிகளில் தடயமே இருக்காது என்று டூரிங் விருது ஏற்புரையில் விளக்கினார் கென் தாம்ஸன். அது 1984ல் அச்சானது. பிற்காலத்தில் கோ மொழியை உருவாக்கிய மூவரில் அவரும் ஒருவர். ஒரே மூலத்தை யார் தயாரித்தாலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பிரதி வர வேண்டும் என்ற முயற்சி இப்போது வலுப்பெற்றுவருகிறது. 2023ல் வந்த கோ 1.21ன் கம்பைலரையே அப்படிச் சரிபார்க்கலாம்.

சாஃப்ட்வேரில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்ற பட்டியல் கேட்டு வாங்குவது பற்றி மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல தொடக்கம். அந்தப் பட்டியலில் கம்பைலரின் பதிப்பு எண்ணும் இருந்தால்தான் முழுப் பயன். கோ மொழியில் தயாரான பெரும்பாலான புரோகிராம்களில் அந்த எண் உள்ளேயே பதிந்திருக்கும், ஒரே கட்டளையில் படித்துவிடலாம். சாஃப்ட்வேர் வாங்கும் அலுவலகங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இது எந்தக் கம்பைலரில் தயாரானது? கம்பைலருக்குத் திருத்தம் வந்தால் எத்தனை நாளில் புதுப் பிரதி தருவீர்கள்? பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால், மறுபடி தயாரிக்கும் செலவு யாருடையது என்பதும் அங்கேயே முடிவாகிவிடும்.