லட்சம் மெயில்களில் ஒன்றைத் தேடு: எந்த வேலை முதலில்?

மென்பொருள் துறையில் பத்துப் பதினைந்து ஆண்டு இருந்தவரிடம் மின்னஞ்சல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கும். வாடகை ஒப்பந்தத்தின் நகல் எந்த மெயிலில் வந்தது என்று தேடும்போது, கணினி ஒவ்வொன்றாகத் திறந்து படித்தால் நேரம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் தேடல் மென்பொருள்கள் முன்கூட்டியே ஒரு சொல்லடைவைத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன. தடித்த ஆய்வு நூலின் கடைசிப் பக்கங்களில் இருப்பதைப் போன்றதுதான் இது. அங்கே சொல்லுக்கு எதிரே பக்க எண் இருக்கும், இங்கே மெயில் எண் இருக்கும்.

இப்படி ஒரு மென்பொருளை எழுத உட்காருபவருக்கு நிரலைவிடக் கடினமான கேள்வி, எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதுதான். இதற்கு நல்ல பாடம் நாட்மச் என்ற மெயில் தேடல் மென்பொருள்.

கெய்ரோ வரைகலை நூலகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்ல் வொர்த் 2009 நவம்பரில் நாட்மச்சை வெளியிட்டார். அதற்கு முன்பே வில்லியம் மோர்கன் ரூபி மொழியில் எழுதிய 'சப்' என்ற மென்பொருள் இருந்தது. தேடல், டேக் (மெயிலுக்கு இடும் அடையாளச் சொல்), உரையாடல் தொகுப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் பெரிய மெயில் குவியலுக்கு அதன் வேகம் போதவில்லை. வொர்த் அதே யோசனையை சி மொழியில், ஸாபியன் என்ற தேடல் நூலகத்தின் மேல் கட்டினார்.

அவருடைய திட்டத்தின் சிறந்த பகுதி, அவர் செய்ய மறுத்த வேலைகள். நாட்மச் மெயிலை இறக்குவதுமில்லை, அனுப்புவதுமில்லை. இரண்டுக்கும் தேர்ந்த கருவிகள் ஏற்கனவே இருந்தன. ஆகவே முழு உழைப்பும் சொல்லடைவுக்கும் தேடலுக்கும் போனது. பாக்கி வேலைகளின் பட்டியல் மூலநிரலோடு சேர்ந்த ஒரு சாதாரண உரைக்கோப்பாகவே இருந்தது. புதிதாக வருபவர்களை அதிகம் வதைக்கும் குறைகளுக்குத்தான் அதில் முதலிடம். முதல் தடவை ஓட்டியதும் பல ஆண்டுப் பழைய மெயில்கள் எல்லாம் 'இன்பாக்ஸ்' டேக்குடன் வந்து நின்றதே, அது அப்படி ஒரு குறை. பிறருக்கு எழுதும் எந்த மென்பொருளுக்கும் இந்த வரிசை பொருந்தும்.

ஆனால் வதைக்கும் குறைகளை மட்டும் பார்த்தால் போதாது. சொல்லடைவு மென்பொருளில் வேலைகள் இரண்டு ரகம். திரையில் நிறம் மாற்றுவதை என்றைக்கு வேண்டுமானாலும் செய்யலாம். சொல்லடைவில் எதை, எப்படிச் சேமிப்பது என்ற முடிவை மாற்றினாலோ, பயனர்கள் ஒவ்வொருவரின் தரவுத்தளமும் மாறியாக வேண்டும். இந்த இரண்டாவது ரகத்தைத் தள்ளிப்போட்டால் வட்டியோடு திரும்பி வரும்.

ஒரு மெயிலையும் அதன் பதில்களையும் ஒன்றாகச் சேர்க்கும் உரையாடல் தொகுப்பையே பாருங்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. பதில் மெயிலின் தலைப்புப் பகுதி, எந்தக் குறிக்குப் பதில் என்று குறிப்பிடும். அதை வைத்து முடிச்சுப் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் பதில் முதலில் வந்து, மூலம் பின்னால் வரலாம். மூலம் வராமலே போகலாம். தொடக்கத்தில் நாட்மச், வந்து சேராத மெயில்களைத் தனிக் குறிப்பாக எழுதி வைத்தது. அந்த ஏற்பாட்டில் சில சமயம் ஒரே உரையாடல் இரண்டாகப் பிரிந்து நின்றது. 2014இல்தான், வராத மெயிலுக்கும் தரவுத்தளத்தில் ஒரு வெற்றிடப் பதிவு போடும் முறை வந்தது. பழைய தரவுத்தளங்களையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது.

மாற்றும்போது எதை இழக்கலாம், எதை இழக்கக்கூடாது? சொல்லடைவு அழிந்தால் மெயில்களைப் படித்து மறுபடி உருவாக்கிவிடலாம். பயனர் கைப்பட இட்ட டேக் போனால் போனதுதான், அது வேறெங்கும் இல்லை. ஆகவே டேக்குகளை உரைக்கோப்பாக வெளியே எடுத்து, மீண்டும் ஏற்றும் கட்டளைகள் இத்தகைய மென்பொருளில் அலங்கார வசதிகளுக்கு முன்பே எழுதப்பட வேண்டும். நாட்மச்சில் இரண்டும் உண்டு.

மறைகுறியாக்கப்பட்ட மெயில்களும் தள்ளிப்போட முடியாத அந்த இரண்டாவது ரகம்தான். அவற்றின் உள்ளடக்கத்தைச் சொல்லடைவில் ஏற்றினால் தேட வசதி. ஆனால் கணினி பிறர் கையில் சிக்கினால், பூட்டிய மெயிலின் சொற்கள் பூட்டில்லாமல் கிடக்கும். நாட்மச் இந்த முடிவைப் பயனரின் அமைப்புக்கே விட்டது சரியான தீர்ப்பு.

தமிழ் மெயில்களுக்கு வருவோம். 'அ' என்ற ஓர் எழுத்து யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். பேஸ்64 முறையில் பயணிக்கும்போது அது ரோமன் எழுத்தும் எண்ணும் கலந்த நான்கு குறிகளாகிவிடும். தமிழில் எழுதிய பொருள் வரி பெரும்பாலும் இந்த வேடத்தில்தான் வருகிறது. முதலில் அதைக் கலைத்துவிட்டுத்தான் சொற்களைப் பிரிக்க முடியும். நாட்மச்சுக்கு இந்த வேலையை ஜிமைம் நூலகம் செய்து தருகிறது.

அடுத்த படி கடினமானது. 'கடிதம்' என்று தேடினால் 'கடிதத்தை', 'கடிதத்தில்', 'கடிதங்களுக்கு' எல்லாம் கிடைக்க வேண்டும். அதற்கு விகுதிகளை வெட்டி அடிச்சொல்லை எடுக்கும் விதிகள் தேவை. நாட்மச் ஆங்கிலத்துக்கான விதிகளோடு எழுதப்பட்டது. அவை தமிழ்ச் சொல்லைத் தொடுவதில்லை. மார்ட்டின் போர்ட்டர் தொடங்கிய ஸ்னோபால் தொகுப்பில் இப்போது தமிழுக்கும் விதிகள் இருக்கின்றன. ஸாபியன் தன் விதிகளை எடுப்பது அந்தத் தொகுப்பிலிருந்துதான். தமிழ் தெரிந்த நிரலாளர்கள் இந்த விதிகளைத் தங்கள் சொந்த மெயில்களில் ஓட்டிப் பார்த்து, எங்கே தவறாக வெட்டுகின்றன என்று எழுதி அனுப்ப வேண்டும். நிரல் எழுத நேரமில்லாதவர்கள்கூடப் பிழையான சொற்களைத் தொகுத்துக் கொடுக்கலாம்.