மின்மிதிவண்டியின் ஹேண்டில்பார் கட்டுப்பாடுகள்: பழுதறிதலும் மாற்றுதலும்

மின்மிதிவண்டியை ஓட்டுபவரின் கைக்கு எட்டும் வகையில் ஹேண்டில்பாரில் பொருத்தப்பட்டிருக்கும் த்ராட்டில், பிரேக் லீவர்கள், காட்சித்திரை, பொத்தான்கள், கைப்பிடி உறைகள் ஆகியவை ஹேண்டில்பார் கட்டுப்பாடுகள் எனப்படுகின்றன. த்ராட்டிலைப் பட்டறைகளில் ஆக்சிலேட்டர் என்றும் சொல்வார்கள். மோட்டாரும் மின்கலமும் உறைக்குள் பாதுகாப்பாக இருக்க, இந்த உறுப்புகள் மட்டும் வெயில், மழை, வியர்வை, கையின் அழுத்தம் ஆகிய அனைத்தையும் நேரடியாகத் தாங்குகின்றன. ஆகவே வண்டியில் முதலில் தேய்பவற்றுள் இவையும் அடங்கும்.

இவற்றின் தேய்மானம் வசதிக் குறைவு மட்டுமன்று. விட்டபின் திரும்பாத த்ராட்டிலும், மோட்டாரை நிறுத்தாத பிரேக் சுவிட்சும் விபத்துக்குக் காரணமாகலாம். சக்கர மையத்தில் மோட்டார் உள்ள, 36 அல்லது 48 வோல்ட் மின்கலம் கொண்ட சாதாரண மின்மிதிவண்டிகளை மனத்தில் கொண்டு, இக்கட்டுப்பாடுகளின் பழுதைக் கண்டறியும் முறையையும் மாற்றும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

செயல்படும் விதம்

பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரைத் திருகும்போது ஒரு கேபிள் இழுக்கப்படுகிறது. மின்மிதிவண்டியில் அவ்வாறு எதுவும் இழுக்கப்படுவதில்லை. த்ராட்டில் கன்ட்ரோலருக்கு ஒரு சிறிய மின்னழுத்தத்தை மட்டுமே அனுப்புகிறது. மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் தரவேண்டும் என்பதை அந்த அளவைக் கொண்டு கன்ட்ரோலர் தீர்மானிக்கிறது.

பெரும்பாலான த்ராட்டில்களில் ஹால் உணரி ஒன்று உள்ளது. காந்தப்புலத்தால் மின்கடத்தியின் குறுக்கே மின்னழுத்தம் உண்டாவதை அமெரிக்க இயற்பியலாளர் எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்தார். அவர் பெயரால் வழங்கும் அந்த விளைவே இங்கு பயன்படுகிறது. த்ராட்டிலைத் திருகும்போது உள்ளே இருக்கும் காந்தம் நகர்கிறது. உணரியைத் தொடாமலே அதன் வெளியீட்டை மாற்றுகிறது. உராய்வு இல்லாததால் உணரி தேய்வதில்லை. தேய்பவை அதைச் சுற்றியுள்ள சுருள்வில், நெகிழி உறை, ஒயர் ஆகியவையே.

த்ராட்டிலில் பொதுவாக மூன்று ஒயர்கள் இருக்கும். ஒன்றில் ஏறத்தாழ 5 வோல்ட் வருகிறது; இன்னொன்று எதிர்முனை; மூன்றாவது சைகை ஒயர். த்ராட்டிலைத் தொடாத நிலையில் சைகை ஒயரில் சுமார் 0.8 முதல் 1 வோல்ட் வரை இருக்கும். முழுவதும் திருகினால் அது 3.5 முதல் 4.2 வோல்ட் வரை உயரும்.

பிரேக் லீவரில் இருவேறு வேலைகள் நடைபெறுகின்றன. கேபிளோ எண்ணெயோ வழியாகப் பிரேக் கட்டையை அழுத்துவது ஒன்று. லீவரில் உள்ள சிறு சுவிட்சு வழியாக, மோட்டாரை நிறுத்துமாறு கன்ட்ரோலருக்குத் தெரிவிப்பது மற்றொன்று. இரண்டு ஒயர் உள்ள பிரேக் சுவிட்சுகளில் பெரும்பாலானவை லீவரைப் பிடிக்கும்போது மட்டும் இணைபவை. இதனால் ஓர் ஆபத்து உண்டு: ஒயர் அறுந்துபோனால் வண்டி வழக்கம்போலவே ஓடும், பிரேக்கும் பிடிக்கும், ஆனால் மோட்டார் நிற்காது. சோதித்துப் பார்க்கும்வரை இந்தப் பழுது வெளியில் தெரியாது.

தேய்மானத்தின் அறிகுறிகள்

கைப்பிடி உறையின் ரப்பர் பிசுபிசுப்பாவது, வெடிப்பது, பாரின்மேல் சுழல்வது ஆகியவை எளிதில் கண்ணில் படும். சுழலும் உறையைத் தள்ளிப்போடக் கூடாது. பள்ளத்தில் இறங்கும்போது கை வழுக்கினால் வண்டியின் கட்டுப்பாடு போய்விடும்.

த்ராட்டில் விட்டவுடன் சட்டென்று திரும்பவில்லை என்றால், சுருள்வில் தளர்ந்திருக்கலாம். உள்ளே மணல் புகுந்திருக்கலாம். அல்லது பக்கத்தில் உள்ள கைப்பிடி உறை த்ராட்டிலை நெருக்கிக்கொண்டிருக்கலாம். மூன்றாவது காரணமாயின் உறையைச் சிறிது வெளியே நகர்த்தினாலே போதும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் மோட்டார் விட்டு விட்டு இயங்கினால், ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். மழைக்குப் பிறகு த்ராட்டிலைத் தொடாமலே மோட்டார் மெல்ல இழுத்தால், கனெக்டருக்குள் ஈரம் புகுந்து 5 வோல்ட் முனையிலிருந்து சைகை முனைக்கு மின்சாரம் கசிகிறது எனக் கருதலாம். அத்தகைய வண்டியை உலர்த்திச் சோதிக்காமல் ஓட்டக் கூடாது.

த்ராட்டிலின் எதிர்முனை ஒயர் அறுந்தால் சைகை ஒயரின் மின்னழுத்தம் 5 வோல்ட்டை நெருங்கக்கூடும். நல்ல கன்ட்ரோலர்கள் இதைப் பழுது என்று உணர்ந்து மோட்டாரை நிறுத்திவிடும். அந்தப் பாதுகாப்பு இல்லாதவை மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டிவிடலாம். எனவே விட்டு விட்டு இயங்கும் த்ராட்டிலைத் தட்டிச் சரிசெய்து ஓட்டிக்கொண்டிருப்பது தவறு.

பழுதறியும் முறை

மோட்டார் ஓடவில்லை என்றதும் த்ராட்டிலை மாற்றிவிடுவது பரவலான வழக்கம். பல வேளைகளில் பழுது வேறிடத்தில் இருக்கும். கீழ்க்காணும் வரிசையில் பார்த்தால் வீண்செலவு குறையும். சோதனையின்போது மோட்டார் உள்ள சக்கரம் தரையில் படாதவாறு வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

முதலில் பிரேக் சுவிட்சுகளைப் பார்க்க வேண்டும். லீவர் முழுவதும் திரும்பாமல் சுவிட்சு இணைந்த நிலையிலேயே நின்றுவிட்டால், ஓட்டுபவர் பிரேக் பிடித்திருக்கிறார் என்றே கன்ட்ரோலர் எண்ணும். த்ராட்டிலை எவ்வளவு திருகினாலும் மோட்டார் ஓடாது. வண்டியை அணைத்து, இரு பிரேக் சுவிட்சுகளின் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். இப்போது மோட்டார் ஓடினால் பழுது பிரேக் சுவிட்சில்தான். இது சோதனைக்கு மட்டுமே உரியது. கனெக்டரைக் கழற்றிய நிலையிலேயே சாலையில் ஓட்டக் கூடாது.

அடுத்து மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, த்ராட்டில் கனெக்டரின் பின்புறமாக அளக்க வேண்டும். ஊசிமுனைகள் ஒன்றோடொன்று படாமல் பார்த்துக்கொள்வது அவசியம். 5 வோல்ட் ஒயருக்கும் எதிர்முனைக்கும் இடையே 4.3 முதல் 5 வோல்ட்டுக்குச் சற்று மேல்வரை இருந்தால் கன்ட்ரோலர் த்ராட்டிலுக்கு மின்சாரம் தருகிறது. பின்னர் சைகை ஒயரை அளந்தபடியே த்ராட்டிலை மெல்லத் திருக வேண்டும். அளவு படிப்படியாக உயர்ந்து, விட்டதும் பழைய அளவுக்கு இறங்கினால் த்ராட்டில் நன்றாக இருக்கிறது. உயராமல் நின்றாலோ நடுவில் தாவினாலோ த்ராட்டிலிலோ அதன் ஒயரிலோ பழுது உள்ளது.

5 வோல்ட்டே வரவில்லை என்றால் த்ராட்டில் கனெக்டரைக் கழற்றி, கன்ட்ரோலர் பக்கத்தில் மீண்டும் அளக்க வேண்டும். கழற்றியதும் 5 வோல்ட் வந்தால் த்ராட்டிலுக்குள் குறுக்குச்சுற்று இருக்கிறது. அப்போதும் வராவிட்டால் த்ராட்டிலின்மேல் குற்றமில்லை. பல வண்டிகளில் மிதி உணரியும் மோட்டாரின் ஹால் உணரிகளும் இதே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுள் ஒன்றோ கன்ட்ரோலரோ பழுதாகியிருக்கலாம்.

நீர்புகா வட்டக் கனெக்டர்களின் பின்புறத்தில் ஊசிமுனையைச் செருக முடியாது. ஒயரைக் குத்தி அளந்தால் அந்தத் துளை வழியே நீர் புகும். அத்தகைய வண்டிகளில், நன்றாக இருப்பதாகத் தெரிந்த அதே வகைத் த்ராட்டிலை இணைத்துப் பார்ப்பதே எளிய வழி.

மாற்று உறுப்பைத் தேர்ந்தெடுத்தல்

கைப்பிடிப் பகுதியில் ஹேண்டில்பாரின் வெளிவிட்டம் பெரும்பாலும் 22.2 மில்லிமீட்டர். அதனால் த்ராட்டில்கள் பல வண்டிகளுக்கும் பொருந்தும். ஆனால் பாரில் பொருந்துவது எல்லாம் மின்சுற்றிலும் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது.

ஒயர்களின் நிறத்தை நம்பி இணைப்பது கேடு விளைவிக்கும். 5 வோல்ட்டுக்குச் சிவப்பும் எதிர்முனைக்குக் கறுப்பும் வழக்கம் என்றாலும், சைகை ஒயர் பச்சை, வெள்ளை, நீலம் என எதுவாகவும் இருக்கலாம். முனைகளின் வரிசையும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். சாவித்துளையோ மின்கல அளவுகாட்டியோ உள்ள த்ராட்டில்களில் மூன்றுக்கு மேற்பட்ட ஒயர்கள் உண்டு. அவற்றில் சில மின்கலத்தின் முழு மின்னழுத்தத்தையும் ஏந்தி வருகின்றன. முழுவதும் ஏற்றிய 36 வோல்ட் மின்கலத்தில் 42 வோல்ட்டும், 48 வோல்ட் மின்கலத்தில் பொதுவாக 54.6 வோல்ட்டும் இருக்கும். இது 5 வோல்ட் ஒயரில் பட்டால் கன்ட்ரோலர் எரிந்துபோகும்.

காட்சித்திரையை மாற்றும்போதும் இதே கவனம் தேவை. திரைக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே செல்வது தகவல் பரிமாற்றம். கனெக்டர் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் ஒரே தகவல் முறையைப் பின்பற்றாவிட்டால் திரை பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். எனவே பழைய திரையின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்கு ஏற்றதையே வாங்க வேண்டும்.

த்ராட்டிலை மாற்றும் முறை

1. வண்டியை அணைத்து மின்கலத்தைக் கழற்ற வேண்டும். பின்னர் இயக்கு பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினால் கன்ட்ரோலரில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் குறையும்.

2. ஒயர்கள் செல்லும் வழியையும் கனெக்டர்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. திருகு உள்ள கைப்பிடி உறையை அலன் கீயால் தளர்த்தி உருவலாம். திருகில்லாத ரப்பர் உறைக்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, சிறிது சோப்புநீர் விட்டுச் சுழற்றினால் கழன்றுவரும். எண்ணெய் விடக் கூடாது. புதிய உறையும் அதில் வழுக்கும்.

4. த்ராட்டிலின் திருகைத் தளர்த்தி உருவி எடுக்க வேண்டும். கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல், அதன் உடலைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வட்டக் கனெக்டர்களைத் திருகினால் உள்ளே இருக்கும் ஊசிகள் வளைந்துவிடும்.

5. புதிய த்ராட்டிலைப் பொருத்தி, கனெக்டரில் உள்ள அம்புக்குறிகளை நேருக்கு நேர் வைத்து அழுத்த வேண்டும். திருகும் வகைத் த்ராட்டிலுக்கும் அடுத்துள்ள உறைக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். கட்டைவிரலால் அழுத்தும் வகையாயின் அது பிரேக் லீவரில் இடிக்கக் கூடாது.

6. ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, ஒயர் எங்கும் இழுபடாதவாறு தளர்வு விட்டுக் கட்ட வேண்டும். கனெக்டருக்கு முன்னால் ஒயரைச் சற்றுத் தாழ்வாக வளைத்துவிட்டால் மழைநீர் கனெக்டருக்குள் செல்லாமல் அந்த வளைவிலிருந்தே சொட்டிவிடும்.

7. நெகிழி உடல் வெடித்துவிடும் என்பதால் திருகை அளவாகவே முடுக்க வேண்டும். த்ராட்டில் பாரில் சுழலாமல் நின்றால் போதும்.

பிரேக் லீவரை மாற்றுதல்

லீவரின் அச்சு ஆட்டம் கண்டாலோ, விழுந்து வளைந்தாலோ அதை மாற்றிவிட வேண்டும். வளைந்த அலுமினிய லீவரை நிமிர்த்தினால் அது பின்னொரு நாள் முறியக்கூடும். கேபிளின் இழைகளில் ஒன்று அறுந்திருந்தாலும் கேபிளையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. புதிய லீவரில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு இருக்கிறதா, அது பழையதன் வகையைச் சேர்ந்ததா என்று பார்த்து வாங்க வேண்டும். சாதாரண மிதிவண்டியின் லீவர் பாரில் பொருந்தும். ஆனால் அதில் சுவிட்சு இராது. எண்ணெய்ப் பிரேக் உள்ள வண்டிகளில் எண்ணெயின் வகையை மாற்றக் கூடாது. மினரல் எண்ணெய்க்கு உரிய பிரேக்கில் டாட் வகை எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். வலக்கைக்கு உரிய லீவர் எந்தச் சக்கரத்தை நிறுத்திவந்ததோ அதையே தொடர்ந்து நிறுத்துமாறு இணைப்பதும் முக்கியம். அவசரத்தில் கை பழக்கத்தின்படியே செயல்படும்.

இறுதிச் சோதனை

உறுப்பை மாற்றியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. சக்கரத்தைத் தூக்கிய நிலையில் மூன்று சோதனைகளைச் செய்ய வேண்டும். த்ராட்டிலைப் பாதியளவு திருகி விட்டால் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். ஹேண்டிலை முழுவதும் இடமும் வலமும் திருப்பி வைத்து மீண்டும் அவ்வாறே பார்க்க வேண்டும். கடைசியாக, த்ராட்டிலைத் திருகியபடியே முதலில் இடப்பக்க லீவரையும், பிறகு வலப்பக்க லீவரையும் தனித்தனியே மெல்லப் பிடிக்க வேண்டும். பிரேக் கட்டை சக்கரத்தைப் பற்றுவதற்கு முன்பே மோட்டார் நிற்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துச் சோதித்தால் ஒரு சுவிட்சின் பழுது மற்றதால் மறைந்துவிடும்.

சட்டத்தின் வரம்பையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள மின்வண்டிகள், பிற நிபந்தனைகளுக்கும் உட்பட்டால், மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. சில கன்ட்ரோலர்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தனி ஒயர் ஒன்று இருக்கும். பழுதுபார்க்கும்போது அதைக் கழற்றிவிட்டால் வண்டி இந்த வரம்பை மீறக்கூடும்.

த்ராட்டில், லீவர், உறை ஆகியவற்றை ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே மாற்றலாம். 5 வோல்ட் வராத கன்ட்ரோலர், உருகிய கனெக்டர், எண்ணெய் கசியும் பிரேக் ஆகியவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே சரி. யார் செய்தாலும் மேற்கண்ட மூன்று சோதனைகளும் முடிந்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.