நுரைக்கல்: குதிகாலுக்கு ஆகும், தோட்டத்துக்குத் தேவையா?

சேற்றிலும் புழுதியிலும் நடக்கிற நமக்குக் குதிகால் வெடிப்பு புதுசு இல்லை. கிணற்றடிக் கல்லிலேயே காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டவர்கள் நம் தாத்தா பாட்டிகள். இப்போது அதற்கென்றே 'பியூமிஸ் ஸ்டோன்' என்று கடையில் விற்கிறார்கள். அதையே சில்லு சில்லாக உடைத்து, மாடித்தோட்டத்துக்கு என்று பையில் போட்டும் விற்கிறார்கள். அது என்ன கல்?

தமிழில் நுரைக்கல். பேரிலேயே விளக்கம் இருக்கிறது. எரிமலைக்குள் இருக்கும் பாறைக்குழம்பில் நீராவியும் கரியமில வாயுவும் கரைந்து கிடக்கும். வெடித்து வெளியே வரும்போது, சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குகிற மாதிரி, குழம்பு நுரைத்துப் பொங்கும். அந்த நுரை அடங்குவதற்குள் குளிர்ந்து இறுகிவிடும். உள்ளே பாதிக்கு மேல் வெறும் துளைதான். சில கற்களில் 90 சதவீதம்கூட இருக்கும். அதனால்தான் தண்ணீரில் மிதக்கிறது. 1883-இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை கக்கிய கற்கள், இந்தியப் பெருங்கடலில் தெப்பம் தெப்பமாக மிதந்து ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போய் ஒதுங்கின.

துளைகளுக்கு நடுவே இருக்கும் சுவர் கண்ணாடி மாதிரி. அதுதான் சுரண்டும் வேலையைச் செய்கிறது. ஜீன்ஸ் துணியை வெளுக்க வைக்கவும், பல் மருத்துவர் பல்லுக்கு மெருகேற்றவும் பயன்படுகிறது. எடை குறைவு என்பதால் கட்டடத்துக்கும் ஆகும். ரோம் நகரில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கும் பாந்தியன் கோயில் குவிமாடத்தின் மேல்பகுதிக் காரையில் நுரைக்கல் கலந்திருக்கிறார்கள்.

வாங்கினால் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்க. உடனே மூழ்கினால் அது சுட்ட மண்ணாகவோ சிமென்ட்டாகவோ இருக்கலாம். மிதப்பதெல்லாம் எரிமலைக் கல் என்றும் சொல்ல முடியாது; கண்ணாடியை நுரைக்க வைத்துச் செய்ததும் மிதக்கும்.

காலை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கல்லையும் நனைத்து, மெதுவாகத் தேய்க்கணும். பிறகு துடைத்து விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவலாம். கல்லைக் கழுவி வெயிலில் காயவையுங்க. ஒருவர் கல்லை இன்னொருவர் தொட வேண்டாம். ரத்தம் கசியும் வெடிப்பில் தேய்க்கவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். புண்ணானால் ஆறுவதும் கடினம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கல்லைத் தொட வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் 'கடல்நுரை' இது அல்ல. அது கணவாயின் ஓடு, சுண்ணாம்புச் சத்து உள்ளது. இது வேறு.

இனி தோட்டத்துக்கு வருவோம். தொட்டி மண்ணில் கலந்தால் இந்தத் துளைகள் நீரைப் பிடித்துவைக்கும், வேருக்குக் காற்றும் கொடுக்கும், மக்கிப் போகாது. எல்லாம் உண்மை. ஆனால் இது உரம் அல்ல. நம் தமிழ்நாட்டில் இது வெட்டியெடுக்கும் கல்லும் அல்ல. பெரும்பாலும் எரிமலை உள்ள நாடுகளிலிருந்து கப்பலேறி வருகிறது. நாம் கொடுக்கிற காசு அந்தத் துளைக்குத்தான்.

அந்தத் துளை நம் வீட்டிலேயே இருக்கிறதே! உடைந்த செங்கல், பழைய ஓட்டுச் சில்லு, அடுப்புக்கரி, உமிக்கரி எல்லாமே துளை உள்ளவைதான். கொண்டைக்கடலை அளவுக்குச் செங்கல்லை உடைத்துத் தூசியைச் சலித்து, மண் இரண்டு பங்கு, மட்கு இரண்டு பங்கு, சில்லு ஒரு பங்கு என்று கலந்து பாருங்க. கரி சேர்ப்பதானால் நீர் கலந்த அமுதக்கரைசலில் ஒரு நாள் ஊறவைத்துச் சேருங்க. எந்தக் கல்லை உடைத்தாலும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளணும். தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வயலுக்கோ இதுவும் வேண்டாம். மட்கு போட்டு மூடாக்கு இட்டால், மண்புழுவும் வேரும் துளை போட்டுக்கொடுக்கும். அதற்குக் கூலியும் கிடையாது, கப்பலும் வேண்டாம்.