தாயின் குற்றமன்று

பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத குழந்தை. கற்ற சொற்களையும் மறந்துபோகும் குழந்தை. "வளர்ப்புச் சரியில்லை" என்று உற்றாரே தாயைப் பழிப்பர். இப்பழி புதியதன்று.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் ஆட்டிசம் என்னும் இந்நிலையை விளக்கி எழுதினார். தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்ற கருத்து, அதன்பின் மருத்துவரிடையேயும் பல்லாண்டுகள் நிலவியது. அது தவறு. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடே என்பது இன்று தெளிவு.

பழியை ஏற்று ஒடுங்காத தாய்மாரே வழி திறந்தனர். தம் மகனுக்காக அலைந்த மெரி பரூவா, 1991இல் புதுதில்லியில் இத்தகைய குழந்தைகளுக்கென ஓர் அமைப்பை நிறுவினார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஏற்றுக்கொண்டது. ஊனம் 40 விழுக்காட்டிற்குக் குறையாதெனச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையாகும்.

ஆகவே தாய்மாரே, "வயது வந்தால் பேசுவான்" என்று காலம் தாழ்த்தாதீர். குழந்தை நல மருத்துவரை நாடுங்கள், சான்றிதழ் பெறுங்கள், பள்ளியில் இடம் கேளுங்கள். அது இரத்தல் அன்று, உரிமை.

ஏனையோர்க்கும் ஒரு சொல்: ஆலய மணியோசைக்குக் காதைப் பொத்தி அலறும் குழந்தையைக் கண்டால், அதன் தாயை முறைத்துப் பாராதீர், அருகில் சற்று இடம் கொடுங்கள்.