இரு சபைப் பெற்றாரும் ஒரு பிள்ளையும்

கத்தோலிக்கரும் பப்திஸ்து சபையினரும் ஒரே கிறிஸ்துவை வழிபடுவோர். ஆதலால் இவ்விரு சபைகளையுஞ் சேர்ந்த ஆணும் பெண்ணும் மணம் புரிவதனாற் பெருஞ் சிக்கல் எதுவும் விளையாதென்று அயலார் எண்ணுவர். மணமக்களும் பெரும்பாலும் அவ்வாறே எண்ணுகின்றனர். மணநாளில் அச்சிக்கல் மறைந்தே இருத்தல் கூடும். முதற் குழந்தை தொட்டிலிற் கிடக்கும்போதுதான் அது தலைகாட்டுகிறது.

இலங்கையிற் கத்தோலிக்க மார்க்கம் போர்த்துக்கேயர் காலமாகிய 16 ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. பப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் சேற்றர் கொழும்பை வந்தடைந்தது 1812 இல். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஆறு பேரளவில் உரோமன் கத்தோலிக்கர். ஏனைய கிறிஸ்தவ சபையார் எல்லோரையுஞ் சேர்த்தாலும் நூற்றுக்கு இருவரை எட்டவில்லை. பப்திஸ்து சபையார் அந்த ஏனையோருள்ளும் ஒரு சிறு கூட்டத்தினர். சிறு கூட்டத்தினர் வெளியிற் பெண் கொள்வதுங் கொடுப்பதும் இயல்பே. ஆயின் அத்தகைய சபைக்கு ஒரு பிள்ளை போவதும் பெரிய இழப்பாகத் தோன்றும்.

இவ்விரு சபைகளுக்கும் இடையே பாப்பரசரைப் பற்றியும் தேவமாதாவைப் பற்றியும் கருத்து வேற்றுமை உண்டு. பிள்ளை வளர்ப்பைப் பொறுத்தமட்டில் அவை பின்னர் வருவன. முதலில் வருவது ஞானஸ்நானம். கத்தோலிக்கர் பிறந்த சில வாரங்களிலேயே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றனர். அது இறைவன் தரும் கொடை. பெறுபவருடைய அறிவை எதிர்பார்த்து நிற்பதன்று என்பது அவர்கள் கொள்கை. 1609 ஆம் ஆண்டில் ஆம்ஸ்ரடாம் நகரில் ஜோன் சிமித் என்பாரும் அவருடன் சென்ற ஆங்கிலேயருந் தொடங்கிய பப்திஸ்து மரபோ, தானே விசுவாசித்து அறிக்கை செய்பவனுக்கே ஞானஸ்நானம் உரியதென்று கொண்டது. ஆகவே அச்சபையிற் குழந்தையை இறைவனுக்கு அர்ப்பணஞ் செய்து வேண்டுதல் செய்வரேயன்றி, ஞானஸ்நானங் கொடுப்பதில்லை.

இங்கேதான் பல தம்பதிகள் இடறுகின்றனர். “இப்பொழுது எதுவுஞ் செய்யவேண்டாம், பிள்ளை வளர்ந்து தானே தெரிந்துகொள்ளட்டும்” என்று சொல்வது இருவருக்கும் பொதுவான நடுவழிபோலத் தோன்றும். உண்மையில் அது நடுவழியன்று. அதுவே பப்திஸ்து வழி. மறுபக்கம், “ஒரு சடங்குதானே, குழந்தைக்கு நீர் வார்த்தால் யாருக்கு நட்டம்?” என்பது கத்தோலிக்க வழியேயாம். எந்தப் பக்கமுஞ் சாராத இடம் என்று ஒன்று இவ்விடயத்தில் இல்லை. இதனை மணத்துக்கு முன்னரே வெளிப்படையாகப் பேசித் தீர்த்தவர்கள் பிழைத்துக்கொள்கின்றனர். அன்பிருந்தாற் போதும் என்று தள்ளிப்போட்டவர்கள் குழந்தையின் தலைமாட்டில் நின்று வழக்காடுகின்றனர்.

திருச்சபைச் சட்டத்தின் நிலையையும் அறிந்திருத்தல் வேண்டும். 1917 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, பிள்ளைகள் எல்லோரையுங் கத்தோலிக்கராகவே வளர்ப்பதாக மணமக்கள் இருவருமே உறுதி கொடுக்கவேண்டியிருந்தது. 1970 இல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் இதனைத் தளர்த்தினார். அதன்பின், தம்மால் இயன்ற யாவுஞ் செய்வதாகக் கத்தோலிக்கத் துணைவர் மட்டுமே வாக்களிக்கிறார்; மற்றவருக்கு அவ்வாக்குறுதி அறிவிக்கப்படுகிறது, அவ்வளவே. 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் அவ்வாறே வைத்தது. “இயன்ற யாவும்” என்ற சொற்களை ஊன்றி நோக்கவேண்டும். மனைவியையோ கணவனையோ மீறி நடக்கும்படி அவை பணிக்கவில்லை.

பெற்றார் ஒருவாறு இணங்கியபின்னும் பாட்டிமாரின் கவலை நிற்கும். மரண ஆபத்தில் எவரும் ஞானஸ்நானங் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்க விதி. அதனை அறிந்த அம்மம்மா ஒருத்தி, ஆபத்து எதுவும் இல்லாத ஒரு மாலையில், குளிப்பாட்டும் சாட்டில் குழந்தைக்கு இரகசியமாக நீர் வார்க்க எண்ணலாம். அது பேரப்பிள்ளையின் ஆன்மாவின்மேற் கொண்ட அன்பினாற் பிறக்கும் எண்ணந்தான். எனினும் குடும்பத்தில் நெடுநாள் ஆறாத புண்ணை உண்டாக்கும். முடிவு எதுவாயினும், அதனை இரு வீட்டாருக்கும் மணமக்களே நேரிற் சொல்லிவிடுதல் நன்று. தம் வீட்டாருக்குத் தாமே சொல்வது இன்னும் நன்று.

பின்னர் பள்ளிக்கூடம் வருகிறது. இந்நாட்டுப் பாடத்திட்டத்திற் கத்தோலிக்க சமயமும் கிறிஸ்தவ சமயமும் வெவ்வேறு பாடங்கள். பிள்ளை எந்த வகுப்பில் இருப்பது என்பதைப் பெற்றார் தீர்மானித்தேயாகவேண்டும். அவ்வாறு ஒரு வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டில் மற்றப் பெற்றார் கற்பிப்பது சிலவேளை மாறுபட்டுத் தோன்றும். தாய் தந்தையரைச் சங்கித்திருக்க வேண்டும் என்பது எத்தனையாவது கற்பனை என்று கேட்டால், கத்தோலிக்கத் தாய் நான்காவது என்பாள். பப்திஸ்துத் தந்தை ஐந்தாவது என்பார். கற்பனைகள் பத்துமே அவைதாம். பிரித்து எண்ணும் முறையே வேறு. கத்தோலிக்க வேதாகமத்தில் 73 நூல்கள், மற்றதில் 66. முன்னாளிற் பெயர்களுங் குழப்பின: ஒரு வீட்டில் இராயப்பரும் அருளப்பரும், மற்ற வீட்டிற் பேதுருவும் யோவானும். 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அக்குழப்பத்தைப் பெரிதும் நீக்கிற்று. இத்தகைய வேற்றுமைகளைப் பிள்ளைக்கு மறைக்காமல் எடுத்துச் சொன்னால் அது எளிதில் விளங்கிக்கொள்ளும். இரு மொழி பேசும் வீட்டுப் பிள்ளை மொழிகளைக் குழப்பிக்கொள்வதில்லையே! “அப்பா சொல்வது பிழை” என்று ஒருவர் சொல்லும்போதுதான் பிள்ளைக்கு இடர் நேர்கிறது. அந்த வினாடியில் அப்பிள்ளை பெற்றாருக்கு நடுவே நீதிபதியாக நிறுத்தப்படுகிறது.

எவ்வளவு இணக்கமான இல்லத்திலும் தீராத நோவு ஒன்று உண்டு. ஏழெட்டு வயதிற் பிள்ளை முதல் நற்கருணை பெறும் நாளில், பப்திஸ்துத் தந்தை ஆலயத்தில் அமர்ந்திருக்கலாம், வேண்டலாம், பாடலாம். நற்கருணையைப் பெறுவதற்கு அங்குள்ள ஒழுங்கு பொதுவாக இடந்தராது. மறுவழியிற் சென்றாலும் நோவு உண்டு. குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற மகன் பதினாறு வயதில் தந்தையின் சபையில் நீரில் மூழ்க விரும்பினால், தாய்க்கு அது தான் பெற்றுக்கொடுத்ததை மறுப்பதாகத் தோன்றும். கத்தோலிக்கக் கொள்கைப்படி ஞானஸ்நானம் ஒருமுறைக்குமேல் இல்லை. தந்தைக்கோ அதுவே மகனின் முதலாவது ஞானஸ்நானம். அன்று தாய் அந்த ஆற்றங்கரைக்குப் போவாளா என்பதைச் சட்டநூல் எதுவும் சொல்லாது. அவளிடம் மகன் முன்கூட்டியே வந்து சொன்னானா, மற்றவர் வாயாற் கேள்விப்பட்டாளா என்பதைப் பொறுத்து அது அமையும்.