பிள்ளைகளும் அடைக்கோழியும்



இன்றைக்கு நான் பேச வந்திருப்பது உரத்தைப் பற்றியோ பூச்சிமருந்தைப் பற்றியோ அல்ல. உங்கள் வீட்டுத் தாழ்வாரத்து மூலையில், கூடைக்குள் உட்கார்ந்துகொண்டு, யார் கிட்டே போனாலும் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு சீறுகிறதே ஓர் அடைக்கோழி, அதைப் பற்றித்தான். அதிலும், அந்தக் கோழியைக் கவனிக்கும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது பற்றி.

"இதெல்லாம் எங்க பாட்டி காலத்திலேருந்து செய்யறதுதானே, இதிலே ஆபீசர் வந்து சொல்ல என்ன இருக்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். அடை காக்கக் கோழிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பன்னிரண்டு முட்டை வைத்து ஐந்து குஞ்சு எடுக்கிற வீட்டையும் பார்த்திருக்கிறேன். அதே பன்னிரண்டில் பத்து எடுக்கிற வீட்டையும் பார்த்திருக்கிறேன். இந்த வித்தியாசம் பெரும்பாலும் கோழியால் வருவதில்லை, நம்முடைய கவனத்தால் வருவது. நமக்கோ களையெடுப்பு, தண்ணீர் பாய்ச்சல், பால் கறவை என்று ஆயிரம் வேலை. ஒரே கூடையை இருபத்தோரு நாளும் சலிக்காமல் எட்டிப் பார்க்கப் பிள்ளைகளை விட்டால் வேறு ஆள் ஏது?

முதலில் முட்டையைச் சொல்கிறேன். நாட்டுக்கோழி ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். தினம் ஒன்றாக இடுவதில்லை, இடையிடையே நாள் விட்டு இடும். ஆக, கடைசி முட்டை இட்டு அது அடைக்கு உட்காருகிறபோது, முதல் முட்டைக்கு இரண்டு மூன்று வாரம் வயதாகிவிடும். நாமோ எல்லாவற்றையும் மொத்தமாகக் கூடையில் போட்டுவிடுகிறோம். கருக்கூடிய முட்டை உயிருள்ள பொருள். ஒரு வாரத்துக்கு மேல் வெளியே கிடந்தால் அந்த உயிர் நாளுக்கு நாள் சோர்ந்துபோகும். சித்திரை, வைகாசி வெயிலில் மூன்று நான்கு நாளே அதிகம். அரைகுறைச் சூட்டில் கரு கொஞ்சம் வளர ஆரம்பித்து, வளர வழியில்லாமல் செத்துவிடும்.

இங்கேதான் பிள்ளையின் முதல் வேலை. கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். முட்டை இட்ட அன்றே அதன் மேல் தேதியை எழுதட்டும். பேனா, ஸ்கெட்ச் பேனா வேண்டாம். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன, மை உள்ளே இறங்கும். அதே காரணத்தால் முட்டையைக் கழுவவும் கூடாது. அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஓர் அகன்ற சட்டியில் மணலைப் போட்டு ஈரமாக்கி, அதன்மேல் சிறு சட்டியை வைத்து, அதற்குள் முட்டைகளை அகன்ற முனை மேலே இருக்கும்படி அடுக்கி, பருத்தித் துணியால் மூடி நிழலில் வையுங்கள். கோழி அடைக்கு வந்ததும் தேதியைப் பார்த்து, ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளை மட்டும் பொறுக்குங்கள். எண்ணிக்கை குறைந்தால் வீட்டிலுள்ள மற்றக் கோழிகளின் புது முட்டைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். பழசு குழம்புக்கு. சின்ன உடம்புக் கோழிக்குப் பத்து, பெரிய உடம்புக் கோழிக்குப் பன்னிரண்டு; அதற்குமேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. எல்லா முட்டையையும் ஒரே நாளில் வைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு பள்ளியில் பேசப் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், சத்துணவிலே குடுக்கிற முட்டையை அடை வெச்சா குஞ்சு வருமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வராது. பெரிய பண்ணைகளில் முட்டைக்காக வளர்ப்பது பெட்டைகளை மட்டும்தான். சேவல் இல்லாமலேயே கோழி முட்டை இடும், ஆனால் கருக்கூடாது. அந்த வெள்ளைக் கோழிகளுக்கு அடைக்கு உட்காரும் குணமே அநேகமாகப் போய்விட்டது. உட்காராத கோழிகளாகப் பார்த்துப் பார்த்துப் பெருக்கிவிட்டார்கள். அடைக்கு உட்கார்ந்தால் முட்டை இடுவது நின்றுவிடுமே! நம் நாட்டுக்கோழிகளுக்கு, எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் இருந்தால் போதும்.

அடுத்தது இடம். பழைய மூங்கில் கூடையோ, வாய் அகன்ற மண்சட்டியோ எதுவானாலும் சரி. அடியில் மணல், மணலோடு இரண்டு கை அடுப்புச் சாம்பல், மேலே மெத்தென்று வைக்கோல். சாம்பல் எதற்கென்றால், பேனும் செல்லும் அண்டாமல் இருக்க. செல் பிடித்த கோழி இரவெல்லாம் அரிப்பில் எழுந்து எழுந்து உட்காரும், முட்டை ஆறிப்போகும். கூமுட்டை விழுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நம் பக்கத்தில் இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று கூடையில் ஓர் இரும்புத் துண்டும், கரித்துண்டும், காய்ந்த மிளகாயும் போடுவார்கள். போட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை, போடுகிறவர்கள் போடட்டும். ஆனால் ஐப்பசி மழையில் முட்டை கெடுவது இடியால் அல்ல. கூடை நனைவதாலும், சாரல் அடித்துக் கோழி எழுந்து போவதாலும்தான். கூரை ஒழுகாத இடமாகப் பாருங்கள். அதேபோல, கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பதும் சரியில்லை. சேவலா பெட்டையா என்பது தாய்க்கோழியின் கருவிலேயே முடிவாகிறது. ஓட்டின் உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடை வைத்த பிறகு பிள்ளைக்குத் தினமும் ஒரு வேலை. கூடைக்கு எட்டிய தூரத்தில் தண்ணீரும் கொஞ்சம் கம்போ சோளமோ வைப்பது. கோழி நாளைக்கு ஒருமுறை இறங்கி, தின்று, குடித்து, கழிந்து, மண்ணில் புரண்டுவிட்டுக் கால் மணி, இருபது நிமிஷத்தில் திரும்பிவிடும். சில கோழி பிடிவாதமாக இறங்காது. அதை மெதுவாகத் தூக்கி வெளியே விடவேண்டும், இல்லாவிட்டால் மெலிந்துபோகும், கூடையையும் அசிங்கம் பண்ணிவிடும். முட்டையை நாம் திருப்பிவிட வேண்டியதில்லை. அலகாலே அதுவே திருப்பிக்கொள்ளும். திருப்பாமல் ஒரே பக்கம் கிடந்தால் கரு ஓட்டின் சவ்வில் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். அது யாரும் சொல்லாமல் கோழிக்குத் தெரிந்திருக்கிறது.

ஏழாம் நாள் ராத்திரிதான் பிள்ளைகளுக்குத் திருவிழா. விளக்கை அணைத்துவிட்டு, ஓர் அட்டையில் முட்டையைவிடச் சிறிய ஓட்டை போட்டு, அதன் பின்னால் டார்ச் லைட்டைப் பிடியுங்கள். செல்போன் வெளிச்சமே போதும். முட்டையின் அகன்ற முனையை அந்த ஓட்டையில் பொருத்திப் பாருங்கள். கருக்கூடிய முட்டையில் நடுவில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தி வலைபோல் நாலாபக்கமும் ஓடும் சிவப்பு நரம்புகளும் தெரியும். கரு இரண்டாம் நாளிலேயே இதயம் துடிக்க ஆரம்பித்துவிடுகிறது என்றால் நம்புவீர்களா? உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளி அசைவதுகூடத் தெரியும். ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கருக்கூடாத முட்டை. உள்ளே சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அழுகி, வெடித்து, நல்ல முட்டைகளையும் கெடுக்கும். பதினான்காம் நாள் இன்னொரு முறை பார்க்கலாம். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு தொடவே கூடாது. சில பாட்டிமார்கள் கடைசி நாட்களில் முட்டையை வெந்நீரில் விட்டு ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். வேண்டாம். ஓட்டில் மயிரிழை விரிசல் விட்டிருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்க் குஞ்சு மூச்சுமுட்டிப் போகும்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். இது என் வீட்டில் நடந்தது.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. தேதி போட்டவள் அவள், நோட்டில் கணக்கு எழுதியவள் அவள். இருபதாம் நாள் மாலை ஒரு முட்டையில் சின்னதாக ஓட்டை விழுந்தது. உள்ளேயிருந்து கீச்சென்று குரல். ராத்திரி பத்து மணி ஆகியும் குஞ்சு வெளியே வரவில்லை. "அப்பா, அதாலே முடியலைப்பா" என்று அழுதாள். நான் அசதியில், "காலையிலே வந்திடும், போய்ப் படும்மா" என்று சொன்னேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. எல்லாரும் தூங்கிய பிறகு அவள் எழுந்துபோய், நகத்தால் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்திருக்கிறாள். ஓட்டுக்கு உள்பக்கச் சவ்வில் இரத்தம். விடிகிறபோது குஞ்சு கிடந்தது, மூச்சில்லை. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. தப்பு அவளுடையதல்ல, என்னுடையது. ஊர் ஊராகப் போய் விளக்கம் சொல்லுகிற நான், வீட்டில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லவில்லை.

அதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குஞ்சு முதலில் முட்டையின் அகன்ற முனையிலிருக்கும் காற்றறையை அலகால் துளைத்து, அங்கேதான் முதல் மூச்சு விடுகிறது. பிறகு மேலலகின் நுனியிலுள்ள சின்ன முள்ளால் ஓட்டில் ஓட்டை போடும். அதன்பின் பல மணி நேரம் சும்மா கிடப்பதுபோல் தெரியும். சும்மா இல்லை. சவ்வு நரம்புகளில் ஓடிக்கொண்டிருக்கும் இரத்தம் உடம்புக்குள் திரும்ப வேண்டும். மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போய்ச் சேர வேண்டும். இவை முடிய அரை நாள், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். முடிந்ததும் அது தானே வட்டமாக உடைத்துக்கொண்டு உதைத்து வெளியே வரும். அதற்கு முன் நாம் உரித்தால் நரம்பை அறுக்கிறோம், அவ்வளவுதான். அடுத்த முறை அடை வைத்தபோது என் மகள் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒன்பது வந்தது.

கோழி இல்லாமல், பெட்டியில் பல்பு போட்டுப் பொரிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியும், ஆனால் எளிதல்ல. இப்போதைய எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிரப் போதிய சூடு தராது. பழைய மஞ்சள் பல்புதான் வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட், விசிறி உள்ள கருவியில் 99.5 டிகிரி இருக்க வேண்டும். உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர். முட்டையைப் பதினெட்டாம் நாள் வரை தினம் மூன்று முறையாவது கையால் திருப்ப வேண்டும். கொஞ்ச நேரம் கரண்ட் போனால் பொறுத்துக்கொள்ளும். சூடு ஏறிவிட்டால்தான் பொறுக்காது. என்னைக் கேட்டால், முதல் முறைக்கு அடைக்கோழிதான் நல்ல வாத்தியார்.

பொரித்த குஞ்சுக்கு முதல் நாள் தீனி அவசரமில்லை, வயிற்றிலுள்ள மஞ்சள் கரு தாங்கும். ஆறிய வெந்நீரும், பிறகு கம்பு, அரிசிக் குருணையும் வையுங்கள். வெறும் குருணை போதாது. ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் ஏறியிருக்கும். அதைக் கொட்டினால் குஞ்சுகள் பாய்ந்து பொறுக்கும். பிள்ளைகளுக்கு இது வேலையே அல்ல, விளையாட்டு. குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயில் வைக்க விடாதீர்கள். கோழிக் கழிவிலுள்ள கிருமியால் வயிற்றுப்போக்கு வரும்.

இன்னொன்று. பிள்ளை குஞ்சுகளுக்குப் பெயர் வைக்கும். பாதிக்குப் பாதி சேவலாகத்தான் வரும், சேவலை விற்கத்தான் போகிறோம். அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "இந்த ஒண்ணு உனக்கு, மத்தது சந்தைக்கு" என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும். தீபாவளிக்கு முந்தின நாள் ஒளித்துப் பிடிப்பதுதான் கொடுமை.

கடைசியாக, வெள்ளைக் கழிச்சல். இத்தனை பாடுபட்டு எடுத்த குஞ்சுகளை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போவது இந்த நோய்தான். வந்தபின் மருந்து கிடையாது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலு வாரத்தில் இன்னொரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஒரு குப்பி மருந்து நூறு குஞ்சுக்குக்கூட வரும், ஆனால் கரைத்தபின் குளிர்ச்சியாக வைத்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். பத்துக் குஞ்சுக்கு ஒரு குப்பியை உடைக்க யாருக்கும் மனம் வராது. ஆகையால் தெருவில் யார் யார் வீட்டில் எத்தனை குஞ்சு என்று பிள்ளைகளை விட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலோடு டாக்டரைப் போய்ப் பார்த்து, ஒரு நாள் காலை வெயில் ஏறுவதற்குள் எல்லாக் குஞ்சுகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்தது.